புதுப்பிப்பு: மழைக்கு முன் ஆர்க்கிட்டை உள்ளே எடுப்பது

ஐப்பசி மழைக்கு முன் மாடி ஆர்க்கிட்டுகளை உள்ளே எடுக்கச் சொன்னதில் ஒரு திருத்தம்: எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். புதுச்சேரியில் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டுக்கு மேலே கூரையும் சுற்றிலும் காற்றும் போதும். ஃபெலனாப்சிஸ் வகைதான் கட்டாயம் உள்ளே வர வேண்டும். அதன் குருத்தில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்றால் அழுகி, இலை தொட்டதும் கையோடு வந்துவிடும். டிஷ்யூ காகிதத்தை முறுக்கிக் குருத்துக்குள் விட்டுத் தண்ணீரை ஒற்றி எடுங்கள்.

எடுக்கும் முன் தொட்டியை வாளித் தண்ணீரில் 20 நிமிஷம் முக்கினால் எறும்பு வெளியேறும். இலையடியில் மாவுப்பூச்சி தெரிந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்கச் சில சொட்டு சோப்புத் திரவம், சாயங்காலம் அடியுங்கள்.

கிழக்கு ஜன்னல் நல்லது. உள்ளே ஈரம் லேசில் காயாது. வேர் பச்சையாக இருக்கும்வரை தண்ணீர் வேண்டாம், வெள்ளிபோல வெளுத்த பிறகு ஊற்றுங்கள். தொட்டியில் உள்ள தேங்காய் மட்டை மக்கியிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போடுங்கள்.