பொருள்: ஸ்ட்ராட்டஜி, இம்ப்ளிமென்டேஷன், இவாலுவேஷன் – தமிழில்? (திங்கள் காலை அச்சுக்குப் போகிறது)

திருமங்கலம் எழுதியது:
அன்பர்களே, மல்லிகை விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்குப் பயிற்சிக் கையேடு மொழிபெயர்க்கிறேன். மூன்று சொற்களில் வண்டி நின்றுவிட்டது. கோடையில் வரத்து பெருகி மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை சரியும்போது, பூவில் ஒரு பங்கைச் சென்ட் ஆலைக்குத் திருப்பிவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். இது ஸ்ட்ராட்டஜி. யார் பறிப்பது, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, பணம் யார் கையில் என்று அதை நடத்திக் காட்டுவது இரண்டாவது. பலித்ததா என்று பார்ப்பது மூன்றாவது. இலங்கை வழக்கைப் பின்பற்றி முதலாவதற்கு 'மூலோபாயம்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். முன் வரிசைப் பெரியவர், "மூலத்துக்கு மருந்தா தம்பி?" என்றார்.

பசுமலை எழுதியது:
'உத்தி' இருக்க வேறெதற்கு? தொல்காப்பியம் மரபியலில் 32 உத்தி, நன்னூலிலும் 32. 'வியூகம்' படையணி வகுப்பது. பூ விற்கிறவருக்கு அது எதற்கு? (கிரேக்க மூலச்சொல்லும் படைத்தலைவனிடமிருந்து வந்ததுதான் என்று யாரும் தொடங்க வேண்டாம்.)

செல்லூர் எழுதியது:
ஐயா, உத்தி என்பது 'யுக்தி'. தொல்காப்பியத்தில் இருப்பதாலேயே தமிழாகிவிடாது. நம் சொல் 'சூழ்ச்சி'. "அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்." அழிவது, ஆவது, பின்னால் வரும் லாபம் மூன்றையும் எண்ணுவதுதானே ஸ்ட்ராட்டஜி? வள்ளுவர் குறளில் 'ஊதியம்' என்றே எழுதியிருக்கிறார்!

பசுமலை எழுதியது:
தம்பி, 'உய்த்தல்' என்பதிலிருந்து உத்தி பிறந்து, பிறகு வடக்கே போய் யுக்தியானது என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். 'உய்த்துணர்தல்' இருக்கிறதா இல்லையா? அப்படியே 'உய்' வேரைத் தொடர்ந்தால்...

திருமங்கலம் எழுதியது:
ஐயா, வேரை இன்னொரு நாள் தோண்டலாம். "நிறுவனத்தின் ஐந்தாண்டுச் சூழ்ச்சி" என்று அட்டையில் போட்டால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? இரண்டாவது சொல்லுக்கு வாருங்கள். 'அமலாக்கம்' போடலாமா?

உசிலம்பட்டி எழுதியது:
நான் இப்படி ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். அமலாக்கம் என்றால் அமலாக்கத் துறை வீட்டுக்கு வருகிறது என்றே நினைப்பார்கள். 'நிறைவேற்றம்' என்பதில் வேலை முடிந்துவிட்ட தோற்றம் இருக்கிறது. எங்கள் வேலை என்றைக்கு முடிந்தது? விடியும் முன் மொட்டுப் பறிக்கிற ஆள் வரவில்லையென்றால் உத்தியாவது ஒன்றாவது.

செல்லூர் எழுதியது:
'வினையாக்கம்'. வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று இதற்கென்றே இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன.

உசிலம்பட்டி எழுதியது:
எங்கள் பக்கம் வினை என்றாலே செய்வினைதான், ஐயா. எலுமிச்சம்பழம் கொண்டுவந்துவிடுவார்கள்.

நாகமலை எழுதியது:
மேலாண்மை வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மூன்றாவது சொல்லைக் கடைசியில் வருவதாகவே எல்லோரும் பேசுகிறீர்கள். மேலாண்மை அறிஞர்கள் கப்லானும் நார்ட்டனும் 1992இல் முன்வைத்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு, பணக்கணக்கை மட்டும் பார்த்தால் போதாது என்றது. வாடிக்கையாளர், உள்வேலை முறை, கற்றலும் வளர்ச்சியும் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. லாபம் குறைந்தது சீசன் முடிந்த பிறகுதான் தெரியும். வண்டி தாமதமாகப் போவது முதல் வாரமே தெரியும். ஆகவே இடையிலேயே அளந்து திருத்துவதும் பொருளில் அடங்க வேண்டும்.

பசுமலை எழுதியது:
அப்படியானால் 'சீர்தூக்கல்'. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்". தராசு இல்லாத பூ மண்டி உண்டா?

செல்லூர் எழுதியது:
"தூக்கிச் செயல்" என்பது செய்வதற்கு முன் எடைபோடுவது. இங்கே செய்யும்போதும் செய்த பின்னும். 'தேர்தல்', அதாவது ஆராய்ந்து பார்ப்பது என்பதே சரி. மதுரைக்காரர்கள் இதை மறக்கலாமா? "சினையலர் வேம்பன் தேரான் ஆகி" என்றபடி பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான். காவலர் போனார்கள், கொன்றார்கள், சிலம்பு வந்தது. செயலாக்கத்தில் ஒரு குறையும் இல்லை! தேராததுதான் குறை. கண்ணகியும் "தேரா மன்னா" என்றுதான் தொடங்குகிறாள்.

நாகமலை எழுதியது:
அருமை. ஆனால் இன்று தேர்தல் என்றால் ஓட்டுப்பெட்டி. 'தேர்ச்சி' என்று மாற்றினால் பள்ளித் தேர்ச்சி அறிக்கை. (ஸ்கோர்கார்டுக்கு அது பொருத்தம்தான், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.) 'மதிப்பீடு' போதும் என்பது என் வாக்கு.

பசுமலை எழுதியது:
கட்டட வேலைக்குப் போடும் எஸ்டிமேட்டும் மதிப்பீடுதானே? சரி, விடுங்கள். எனக்குக் கண் வலிக்கிறது. மதிப்பீடே இருக்கட்டும்.

உசிலம்பட்டி எழுதியது:
இரண்டாவதற்குச் செல்லூர் ஐயா வாயில் வந்த 'செயலாக்கம்' போடலாம். கணினிக்காரர்கள் தரவுக்குப் பயன்படுத்துவதுதான். பரவாயில்லை, படித்தால் புரிகிறது. மூன்றாவதற்கு எங்கள் ஊரில் 'கணக்குப் பார்ப்பது' என்போம். போட்டது என்ன, வந்தது என்ன, எங்கே போனது.

திருமங்கலம் எழுதியது:
அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்புகளில் உத்தி, செயலாக்கம், மதிப்பீடு. உள்ளே பயிற்சிக் கேள்விகளில் உசிலம்பட்டி அம்மா சொன்ன 'கணக்குப் பார்ப்பது'. எல்லோருக்கும் நன்றி.

செல்லூர் எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சூழ்ச்சி வேண்டாமென்றால் 'சூழ்வு'. அடிக்குறிப்பாகவாவது போட இடமில்லையா?

திருமங்கலம் எழுதியது:
பின்னட்டையில் ஒரு வரிக்கு இடம் இருந்தது, ஐயா. அச்சகத்தார் அதில் தங்கள் தொலைபேசி எண்ணைப் போட்டுக்கொண்டார்கள்.