இடப்பக்கம் நீளும் குழல்: நாங்கள் கண்டவை

இணுவில், குழல் ஆசிரியர்

கர்நாடக இசையில் நாம் வாசிக்கும் எட்டுத் துளைக் குழல் வழக்கமாக வாசிப்பவரின் வலப்பக்கம் நீண்டிருக்கும். வாய்த்துளைக்கு அடுத்த மூன்று துளைகளை இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் காக்க, அவற்றுக்கு அப்பாலுள்ள நான்கினையும் வலக்கையில் பெருவிரல் ஒழிந்த நான்கு விரல்களும் பார்த்துக்கொள்ளும். கடைசித் துளை எப்போதும் திறந்தே இருக்கும். இடக்கையில் மூன்று, வலக்கையில் நான்கு என்ற இந்த ஏழு விரற் கணக்கைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்குநல்லாரும் சொல்லியிருப்பதால், இந்தப் பிடி நேற்று வந்ததன்று. ஆயினும் விசயதசமிக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுள் எப்போதாவது ஒருவர், எவரும் சொல்லிக்கொடுக்காமலே, குழலை வாங்கிய கையோடு இடப்பக்கம் திருப்பிக்கொள்வதுண்டு. உடனே கூட வந்த தாயோ தகப்பனோ, "சேர், இவன் எல்லாத்துக்கும் இடக்கைதான், நீங்கள்தான் திருத்தி விடவேணும்" என்று சொல்வார்கள்.

நான் திருத்துவதில்லை. அதேவேளை, இடக்கையால் எழுதும் பிள்ளை என்பதற்காக நானாகக் குழலைத் திருப்பிக் கொடுப்பதுமில்லை. எழுதுவதற்கு ஒரு கை போதும். குழலில் இரண்டு கைகளுக்கும் வேலை உண்டு. இன்னும் சொன்னால், வழக்கமான பிடியில் நுணுக்கமான வேலையில் பெரும்பங்கு இடக்கைக்கே வந்து சேர்கிறது. முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸ, ஒன்றை மட்டும் மூடினால் ரி, எல்லாவற்றையும் திறந்தால் க என்று வரும்போது, அந்தச் சுரங்களின் அசைவுகளைத் துளையைப் பாதி திறந்தும் விரலை வழுக்கியும் கொண்டுவருவது இடக்கை விரல்களே. அதனால் இடக்கைப் பழக்கமுள்ள சில பிள்ளைகள் வழக்கமான பிடியிலேயே மற்றவர்களைவிட விரைவாக முன்னேறியதைக் கண்டிருக்கிறேன். வலக்கையால் எழுதும் ஒரு பிள்ளை, இடப்பக்கம் பிடித்தால்தான் நாதம் வருகிறது என்று பிடிவாதமாக நின்றதையும் கண்டிருக்கிறேன். அங்கே தீர்மானித்தது கையன்று, உதடு என்பது என் எண்ணம். மேலுதட்டின் நடுவே சிறு கூர் இறங்கியிருப்பவர்களுக்குக் காற்று நடுவால் போகாமல் ஒரு பக்கம் ஒதுங்கும். அவர்கள் தமக்கு வாய்ப்பான பக்கத்தைத் தாமே தேடிக்கொள்வார்கள். ஆகவே நாதம் பிறக்கும்வரை பிள்ளையை அதன் போக்கில் விடுவதும், சரளி வரிசை, ஜண்டை வரிசை என்னும் தொடக்கப் பயிற்சிகளைக் கடந்த பின் எக்காரணம் கொண்டும் பக்கம் மாற்றாதிருப்பதுமே என் முறை.

குழல் வாங்கும்போதுதான் உண்மையான கவனம் வேண்டும். துளைகள் யாவும் வாய்த்துளையோடு ஒரே நேர்கோட்டில் இருந்தால், அந்த மூங்கிலை எந்தப் பக்கமும் நீட்டலாம். ஆனால் சிறுவிரல் எட்டவேண்டும் என்பதற்காக அதற்குரிய துளையைக் கோட்டிலிருந்து சற்று ஒதுக்கி இட்ட குழல்களும் உண்டு. திருப்பிப் பிடித்தால் அந்தத் துளை சிறுவிரலுக்கு இன்னும் தூரமாகிவிடும். வாய்த்துளையையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். ஊதும் காற்று துளையின் அப்புறத்து விளிம்பில் மோதிப் பிளவுபடுவதால்தான் ஒலி பிறக்கிறது. குழலை இடப்பக்கம் திருப்பினால், அதுவரை நாடிப்பக்கம் இருந்த விளிம்பு அப்புறம் போய்விடும். செய்தவர் ஒரு விளிம்பை மட்டும் கூராகச் செதுக்கியிருந்தாலோ, பழைய குழலில் உதடு பட்டுப்பட்டு ஒரு விளிம்பு மழுங்கியிருந்தாலோ, பிள்ளை எவ்வளவு ஊதினாலும் வெறுங்காற்றே வரும். பழியோ இடக்கையின்மேல் விழும். அண்ணன் வாசித்த குழலைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகளில் இது நடக்கிறது.

கற்பிப்பதில் எனக்கு ஒரு வசதியும் கிடைத்திருக்கிறது. எதிரே அமர்ந்து கற்கும் மற்றப் பிள்ளைகள் என் விரல்களைப் பார்த்து மனத்தில் திருப்பிப்போட்டுக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் பிடிக்கும் பிள்ளைக்கு நான் கண்ணாடியில் தெரியும் உருவம். என் விரல் எழும் பக்கத்திலேயே அதன் விரலும் எழும்.

கொக்குவில், ஒரு தாய்

என் மகள் இடப்பக்கம் வாசிப்பவள். ஏடு தொடக்கிய அன்று ஐயர் அவளுடைய வலக்கையைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவித்தார்; அவர் கையை விட்டதும் அவள் அதே எழுத்தை இடக்கையால் இன்னொரு முறை எழுதினாள் என்று அம்மம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதே அம்மம்மா குழல் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "கண்ணன் பிடிச்ச மாதிரிப் பிடி, பிள்ளை" என்பதே அவருடைய வாதம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்குப் போனபோது, கடையில் தொங்கிய படங்களை மகள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சிலவற்றில் கண்ணனின் குழல் வலப்பக்கம் நீண்டிருந்தது, சிலவற்றில் இடப்பக்கம் நீண்டிருந்தது. வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று.

கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த என் தங்கையின் மகளும் இடக்கைப் பழக்கமுள்ளவள். அங்கே பாடசாலை வாத்தியக் குழுவில் மேலைநாட்டுப் புல்லாங்குழல் வாசிக்கிறாள். 1847 இல் ஜேர்மனியரான தியோபால்ட் பேம் அமைத்த முறையில் செய்யப்படும் அந்த உலோகக் குழலில், விசைகள் யாவும் வலப்பக்கப் பிடிக்கென்றே பொருத்தப்பட்டிருப்பதால், இடப்பக்கம் திருப்ப அவளுக்கு வழியே இல்லை. எங்கள் மகளின் மூங்கிற் குழலை வாங்கி இரு பக்கமும் ஊதிப் பார்த்துவிட்டு, தனக்குப் பழகிய வலப்பக்கமே சரி என்று சொல்லிவிட்டாள். இருவரும் இடக்கையர், இருவருக்கும் பிடி வேறு. அதைப் பார்த்த பிறகு ஆசிரியர் மேலே எழுதியிருப்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

அளவெட்டி, தவில் வாசிப்பவர்

குழலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. எங்கள் வாத்தியத்தில் ஒரு முகத்தை வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகளாலும், மறு முகத்தை இடக்கையில் பிடித்த கழியாலும் வாசிப்போம். இடக்கையர் இதை மாற்றிக்கொள்வர். மாற்றினால் தவிலையே திருப்பி மாட்டவேண்டும், ஏனெனில் இரண்டு முகங்களும் ஒன்றல்ல. அந்த வகையில் குழல்காரர் கொடுத்துவைத்தவர்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, பரத நாட்டிய அரங்குகளில் குழல் வாசிக்கும் அணிசெய் கலைஞர்

நான் சிறுவயது முதல் இடப்பக்கமே வாசிக்கிறேன். மேடையில் நான் கண்ட சிக்கல்கள் எல்லாம் இடத்தைப் பற்றியவை. இரண்டு குழல்கள் சேரும் நிகழ்ச்சியில், வழக்கமான பிடியுள்ளவருக்கு வலப்பக்கம் என்னை இருத்தினால், அவருடைய குழலும் என்னுடைய குழலும் நடுவிலே ஒன்றையொன்று நோக்கி நீண்டு, கொஞ்சம் அசைந்தாலும் முட்டிக்கொள்ளும். அவருக்கு இடப்பக்கம் இருத்தினால் இரண்டும் வெளிப்புறம் விரியும். தோளோடு தோள் ஒட்டியும் இருக்கலாம். மிருதங்கக்காரரின் அருகே இருக்கும்போதும் இதே கணக்கைப் பார்க்கவேண்டும். ஒலிவாங்கியின் தண்டும் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் விரல்கள் அதில் இடிபடும்.

அரங்கேற்றம் முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் பெரியவர்கள் சிலர் என்னிடம் வந்து, "தம்பி, இடக்கையாலை வாசிக்கிறது முறையோ?" என்று கேட்டதுண்டு. அவர்களிடம் நான் இந்துஸ்தானி இசைக் குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவைப் பற்றிச் சொல்வேன். 1938 இல் பிறந்த அவர் முதலில் வலப்பக்கம் வாசித்துப் பெயரும் தொழிலும் பெற்ற பின்னரே இந்துஸ்தானி இசை ஆசிரியையான அன்னபூர்ணா தேவியிடம் மாணவராகச் சேர்ந்தார். முன்பு கற்ற யாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்க ஆயத்தம் என்பதைக் காட்டுவதற்காகவே குழலை இடப்பக்கம் மாற்றினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், அவர் இடப்பக்கம் வாசிப்பவர் என்பதை ஒளிப்பதிவுகளில் எவரும் காணலாம். ஆனால் இந்த உதாரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் எச்சரிக்கையாக இருக்கிறேன். தேர்ந்த வித்துவான் ஒருவர் தம் விருப்பத்தால் எல்லாவற்றையும் குலைத்து மறுபடி கட்டியது வேறு. தொடக்கப் பயிற்சிகளைத் தாண்டி வர்ணம் என்னும் உருப்படி வரை வந்துவிட்ட பிள்ளையை வீட்டார் வற்புறுத்தி மறுபக்கம் மாற்றுவது வேறு. பின்னதைச் செய்து, பிள்ளை குழலையே வைத்துவிட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

பெரியவர்களுள் பெரும்பாலோர் கேட்டுவிட்டுத் தலையாட்டிச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும், கண்ணை மூடிக் கேட்டபோது பக்கம் தெரியவில்லை, ஆனால் இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் நான் தாளத்தை மீறிச் சற்று ஓடிவிட்டேன் என்று சொன்னார். அவர் சொன்னது சரி.