பாக் டு த ஃபியூச்சர் 3: கடைசி ரயில் கட்டத்தில வாற மியூசிக்

கோண்டாவில் பொடியன்:
நேற்று இரவு பாக் டு த ஃபியூச்சர் மூண்டாம் பாகம் திரும்பப் பாத்தனான், இந்த முறை ஹெட்ஃபோன் போட்டு. கடைசியில ரயில் எஞ்சின் டிலோரியனை, அந்த டைம் மெஷின் காரைத் தள்ளிக்கொண்டு ஓடுற கட்டம் இருக்கெல்லோ, அதுக்கு ஆலன் சில்வெஸ்ட்ரி போட்ட மியூசிக்கை மட்டும் பேந்து நாலு தரம் ஓட்டிக் கேட்டன். கதை நடக்கிறது 1885இல, கௌபோய் ஊர், உள்ளுக்க டைம் மெஷின். ரெண்டும் மியூசிக்கில ஒட்டுப்போட்ட மாதிரி இல்லை, ஒண்டாப் பிறந்த மாதிரிக் கிடக்கு. எப்பிடிச் செய்தவர்? மியூசிக் படிச்ச ஆக்கள் ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ.

வயலின் ரீச்சர்:
தம்பி, எனக்குக் கேக்கிறதைச் சொல்லுறன். அந்த மெயின் தீம் 1985இல முதல் பாகத்திலயே வந்தது, அதில ஒரு பிரதி மத்தியமம், கொஞ்சம் மேல நிக்கிற ம, வந்து விழும், எங்கட கல்யாணியில வாற ம தான். ஏதோ அதிசயம் நடக்கப்போகுது எண்டு நெஞ்சு எழும்புறது அந்தச் சுரத்தாலதான். கௌபோய் சத்தம் வேற இடத்தில இருந்து வருது. 1938இல ஆரன் கோப்லண்ட் பில்லி த கிட் எண்ட பாலேக்கு எழுதேக்க, தொடக்கத்தில ச-வும் ப-வும் சேந்து நிக்கும், நடுவில காந்தாரம் (க) இல்லை, சுருதிப்பெட்டியைத் திறந்துவிட்ட மாதிரி, கண்ணை மூடினா வெட்டவெளிதான் தெரியும் (மனுசன் பிறந்தது நியூயோர்க் புரூக்ளினில!). 1960இல எல்மர் பெர்ன்ஸ்டைன் த மக்னிஃபிசன்ட் செவனில அந்த வெளிக்குள்ள குதிரையை ஓடவிட்டார். சில்வெஸ்ட்ரி இந்த வழியில வந்துதான் தன்ர பழைய தீமை அதுக்கு மேல ஏத்தியிருக்கிறார்.

மானிப்பாய் மது:
எனக்கு ரயிலை விட டொக் விரும்புற க்ளாராவுக்கு வாற தீம்தான். வயலின் எல்லாம் மெதுவா எழும்பேக்க, டைம் மெஷினைச் செய்த டொக் ஏன் அந்தக் காலத்தை விட்டு வர மனமில்லாமல் நிக்கிறார் எண்டு வசனமே இல்லாமல் விளங்கும்.

இணுவில் அண்ணை:
தாளத்தை ஒருத்தரும் கதைக்கேல்லை. எஞ்சின் அடுப்புக்குள்ள மூண்டு கட்டை, பச்சை, மஞ்சள், சிவப்பு, ஒவ்வொண்டும் வெடிக்க எஞ்சின் ஒருக்காப் பாயும், காலம் தாண்ட மணிக்கு 88 மைல் வேகத்துக்குப் போகவேணும், அங்கால பாலம் முடியேல்லை. நல்லூரில தவில் தனி கேட்ட ஆக்களுக்கு இது தெரியும், சும்மா வேகத்தைக் கூட்டினாக் கேக்கிறவன் களைச்சுப்போவான், காலப்பிரமாணத்தை, அந்த அடிப்படை ஓட்டத்தை விடாமல் அடியைத்தான் நெருக்கவேணும். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின்ர ஒரு தனி கேட்டுட்டு இதைத் திரும்பக் கேளும் தம்பி.

இன்னொண்டு. இந்தப் படம் வந்தது 1990 மே. அடுத்த மாதம் கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடின எங்கட யாழ்தேவி ரயில் நிண்டது, யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குக் கோச்சி திரும்பி வர 2014 ஒக்டோபர் ஆச்சு. நான் கொழும்பில ஒரு அறையில இருந்துதான் படத்தைப் பாத்தனான், க்ளாரா விசிலை இழுக்க டொக் திரும்பிப் பாப்பார், அந்த இடத்தில எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. இப்பவும் அப்பிடித்தான்.

கோண்டாவில் பொடியன்:
ரீச்சர், அந்த ம எது எண்டு இப்ப பிடிபட்டிட்டுது, ஃபோன் கீபோர்ட்டில தட்டிப் பாத்தன். அண்ணை, எங்கட வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்திலதான், பின்னேரக் கோச்சி போகேக்க ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சிட்டு நிண்டனான்.