வரி கட்டுறது நாம, வாரி இறைக்கிறது யாரு?

வரிக்குதிரை:
சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு வரி, மிச்சத்த செலவு பண்ணா அதுல ஒரு வரி, பேங்க்ல போட்டா வட்டிக்கும் ஒரு வரி. சரி கட்டித் தொலைக்கிறோம், ஆனா அந்தக் காசு போற எடத்த பாத்தா வயிறு எரியுது. சிட்னி ஓப்பரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்ல முடியும்னு ஆரம்பிச்சாங்க, 1973ல திறக்குறப்ப 10 கோடியே 20 லட்சம். 14 மடங்குக்கும் மேல! வீட்டுக்கு சுவர் பூச வந்த மேஸ்திரி இப்படிக் கணக்கு குடுத்தா விடுவோமா?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அதுல பெரும்பகுதி லாட்டரி வித்து வந்த காசு. வரியத் திட்ட அந்தக் கதை ஒத்து வராது.

வரிக்குதிரை:
சரி தம்பி, அத விடு. கனடாவுல நடந்த 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்? ஆம்பளைக்குப் புள்ள பொறந்தாலும் பொறக்கும், இதுல நஷ்டம் வராதுங்கிற ரேஞ்சுக்குப் பேசுனாரு அந்த ஊர் மேயர் ட்ராபோ. கடன அடைச்சு முடிக்க 2006 ஆச்சு, சிகரெட் மேல தனி வரி போட்டு அடைச்சாங்க. ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம் பொறந்த குழந்தை வளந்து 30 வயசாகுற வரைக்கும் ஜனங்க கட்டிருக்காங்க. இதுக்கு என்ன சொல்லப் போற?

கணக்குப்பிள்ளை:
அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது வடிகட்டுன வீண் செலவுதான். ஆனா நீங்க அடுத்து எங்க வருவீங்கன்னு தெரியும், எல்லாத்தையும் வெட்டுன்னு வருவீங்க. அமெரிக்காவுல ஆடு மாடு புண்ணுல முட்டை போட்டு உயிரோட தின்னுற ஒரு ஈ இருந்துச்சு. பொட்டை ஈ ஒரு தடவதான் சேரும்னு கண்டுபிடிச்சு, ஆண் ஈய கதிர்வீச்சுல மலடாக்கி லட்சக்கணக்குல பறக்க விட்டாங்க, அதுங்களோட சேந்த ஈ போட்ட முட்டை பொரியல, 1954ல கரீபியன் கடல்ல இருக்குற குரசாவ் தீவையே சுத்தம் பண்ணிட்டாங்க. ஈயோட குடும்ப வாழ்க்கைய ஆராய வரிப்பணமான்னு கேட்டா நல்லாத்தான் சிரிப்பு வரும், அதுல மிச்சமான மாட்ட எண்ணிப் பாருங்க. பெரியம்மை ஒழிப்பும் அப்படித்தான், 1967ல இருந்து மொத்தமே சுமார் 30 கோடி டாலர், 1980ல ஒழிஞ்சுருச்சுன்னு அறிவிச்சாச்சு.

வரிக்குதிரை:
ஜெயிச்ச ரெண்ட எடுத்துக் காட்டுற. தோத்தத யாரு எண்ணி வச்சிருக்கா?

ஓரமா நிக்கிறவன்:
குறுக்க வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நான் கொஞ்ச காலம் ஒரு அரசு ஆபீஸ்ல கான்ட்ராக்ட்ல இருந்தேன். நிதியாண்டு முடிய பத்து நாள் இருக்கும்போது மேல இருந்து போன், ஒதுக்குன காசு மீந்தா திரும்பப் போயிரும், அடுத்த வருஷம் ஒதுக்கீட்டையும் குறைச்சிருவாங்க, எதையாவது வாங்குங்கன்னு. இருக்குற ஆளுக்கு மேல நாற்காலி வாங்குனோம். யாரும் அஞ்சு பைசா திருடல, அதுதான் வேடிக்கை. சிக்கனமா இருந்த அதிகாரிக்குத்தான் அங்க தண்டனை.

கணக்குப்பிள்ளை:
இதத்தான் நானும் சொல்ல வந்தேன். அமெரிக்க நீதி இலாகாவுக்கு மீந்த பணத்த கம்ப்யூட்டர் செலவுக்காக அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போக தனி அனுமதி இருக்கு, அங்க வருஷக் கடைசி அவசரத்துல உருப்படாத திட்டத்துக்குக் கொட்டுறது இல்லன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்லிருக்காங்க. வரியக் குறைன்னு கத்துறதுக்கு முன்னாடி இந்த விதிய மாத்தச் சொல்லலாம்ல?

வரிக்குதிரை:
மீந்தத சேத்து வச்சு மூணாவது வருஷம் மாளிகை கட்டுவானுங்க தம்பி, நீ இன்னும் அவனுங்கள நம்புற. இங்கிலாந்துல 1696ல ஜன்னலுக்கு வரி போட்டாங்க, ஜனங்க ஜன்னல செங்கல் வச்சு அடைச்சுட்டு இருட்டுல கெடந்தாங்க, அப்பவும் 1851 வரைக்கும் அந்த வரிய எடுக்கல. போட்ட வரிய அரசாங்கம் தானா லேசுல குறைக்காது, காசு கைக்குப் போகாம இருந்தாத்தான் செலவு நிக்கும்.

கணக்குப்பிள்ளை:
நிக்காதுண்ணே, கடன் வாங்குவான். அதுக்கு வட்டி கட்டப் போறதும் நீங்கதான். அதோட வரியக் குறைச்சா மொதல்ல எது வெட்டுப்படும்? ஸ்டேடியமா, ஆஸ்பத்திரியா? உங்களுக்கே தெரியும்.

வரிக்குதிரை:
இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல, ஆனா கட்டுறதுக்கு மனசும் வரல.
நாற்காலிக்காரரே, அதெல்லாம் கடைசில என்ன ஆச்சு?

ஓரமா நிக்கிறவன்:
பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல. வைக்க எடம் இல்லன்னு அடுத்த வருஷம் ஒரு ஷெட் போட டெண்டர் விட்டாங்க.