முன்னங்கால் லாடம் அடிக்கடி கழன்று விழுகிறது, ஆணியைக் கூட்டலாமா?

உடுமலைக்காரன்:
வணக்கம். என்னிடம் ஒரு மார்வாரிக் கலப்புப் பெண் குதிரை இருக்கிறது, ஏழு வயது. அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியது. காலையில் வாய்க்கால் மேட்டிலும் கொஞ்ச தூரம் தார் ரோட்டிலும் சவாரி போவேன். லாடம் கட்டிப் பத்துப் பதினைந்து நாளிலேயே முன்னங்கால் லாடம் கழன்றுவிடுகிறது, பெரும்பாலும் இடது கால்தான். பின்னங்காலில் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு தடவையும் குளம்பின் ஓரமும் பெயர்ந்து வருவதால் ஆணி அடிக்க நல்ல இடமே இல்லாமல் போகிறது. இங்கே லாடம் கட்டுகிறவர் மாடுகளுக்குக் கட்டிப் பழகியவர். "இன்னும் ரெண்டு ஆணி சேர்த்து அடிச்சுட்டா நிக்கும்" என்கிறார். செய்யலாமா?

மணல்மேடு:
எங்கள் குதிரைக்கு எட்டு ஆணி அடித்த பிறகு நிற்கிறது சார். குளம்புக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள்.

லாடக்காரர் மகன்:
ஆணியைக் கூட்டாதீர்கள் அண்ணா. ஓட்டை அதிகமானால் சுவர், அதாவது குளம்பின் கெட்டியான வெளி ஓடு, இன்னும் உதிரும். ஆறு, ஏழு ஆணி சரியான இடத்தில் இறங்கினாலே போதும். மாட்டுக்குப் பிளவுக் குளம்பு, இரண்டு பக்கமும் தனித்தனித் தகடு. குதிரைக் குளம்பு ஒரே துண்டு. எடை விழும்போது குதிகால் பக்கம் சற்று விரிந்து கொடுக்க வேண்டும். அதனால் குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி போகக் கூடாது.

விழுந்த லாடம் கையில் இருக்கிறதா? இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்: குதிகால் முனை வளைந்திருக்கிறதா, ஆணிகள் எப்படி இருக்கின்றன, லாடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது. அப்புறம், துள்ளுநடையில் 'டக் டக்' என்று இரும்பில் இரும்பு படும் சத்தம் வருகிறதா?

உடுமலைக்காரன்:
லாடம் இருக்கிறது தம்பி. தேய்மானம் அதிகம் இல்லை. ஒரு பக்கக் குதிகால் முனை கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. ஆணிகள் லாடத்திலேயே கோணலாக நிற்கின்றன. சத்தமும் வருகிறது, அது சாதாரணம் என்று விட்டிருந்தேன். இன்னொன்று: அவர் குளம்பைச் சீவுவதே இல்லை. பழைய லாடத்தைக் கழற்றி அதே ஓட்டைகளில் திரும்ப அடித்துவிடுகிறார்.

லாடக்காரர் மகன்:
அப்படியானால் பின்னங்கால்தான் முன்னங்கால் லாடத்தை மிதித்துப் பிடுங்குகிறது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். லாடம் போட்ட குளம்பு தரையில் தேயாது, அதனால் சீவாமல் விட்டால் முனை முன்னே நீண்டுகொண்டே போகும். முனை நீண்ட கால் தரையை விட்டுக் கிளம்பத் தாமதமாகும். அதற்குள் பின்னங்கால் வந்து அதன் குதிகால் மேல் இறங்கிவிடும். அந்த 'டக் டக்' இதுதான்.

அடுத்த தடவை அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். முதலில் முனையை அரத்தால் குறைத்து அடிப்பக்கத்தைச் சமமாக்க வேண்டும். குதிரையைச் சமதரையில் நான்கு காலில் நிற்க வைத்து, பக்கவாட்டில் இருந்தும் பார்க்க வேண்டும். மாட்டைச் சாய்த்துப் போட்டுக் கட்டுகிற பழக்கத்தில் சிலர் இதைப் பார்ப்பதே இல்லை. லாடத்தின் முனை விளிம்பைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் கால் சுலபமாகத் திரும்பும். குதிகால் பக்கம் லாடம் அதிகமாக வெளியே நீண்டிருக்கக் கூடாது. அதற்காக ஒட்ட வெட்டிவிடவும் கூடாது, குதிகாலுக்குத் தாங்கல் வேண்டும். ஆணி பழைய ஓட்டையில் இறங்கினால் பிடிக்காது, புதுச் சுவரில் அடிக்க வேண்டும். லாடத்துக்குக் குளம்பைப் பொருத்துவதாக எண்ணிச் சுவரை வெளிப்பக்கம் அரத்தால் ராவி மெலிய வைக்க விடாதீர்கள். நிறைய பேர் செய்வது அதைத்தான்.

இதை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும், லாடம் தேயாவிட்டாலும்.

கால்நடைப் பக்கம்:
தம்பி சொன்னதோடு இரண்டு விஷயம். கரிசல் மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறு, மற்ற நாளில் காய்ந்த தரை. இப்படி நனைந்து காய்ந்து நனைந்தால் ஆணி ஓட்டைகள் தளர்ந்துவிடும். தினமும் குளம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், பிரஷ் போதும். கொட்டிலில் மூத்திரம் தேங்கக் கூடாது. எண்ணெய் பளபளப்புக்கு உதவும், லாடத்தை நிறுத்தாது.

தீனியில் கொள்ளும் தவிடும் மட்டும்தானா? தவிட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு. பச்சைத் தீவனமும் தாது உப்புக் கலவையும் சேருங்கள். பயோட்டின் (குளம்பு வளர உதவும் வைட்டமின்) கொடுப்பதாக இருந்தால் ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை, பொறுமையாக. குளம்பு மேலிருந்து கீழ்வரை புதிதாக வளர முன்னங்காலுக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், அதற்குள் பலன் தெரியாது.

லாடம் பாதி கழன்று ஆணி உள்ளே குத்தியிருந்தால் நடத்தாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரைக்கு ரண ஜன்னி (டெட்டனஸ்) சுலபமாக வரும், தடுப்பூசி போட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உடுமலைக்காரன்:
இருவருக்கும் நன்றி. அடுத்த வாரம் அவரை வரச் சொல்லியிருக்கிறேன். பின்னங்கால் மிதிக்காமல் இருக்க முன்னங்கால் குளம்பைச் சுற்றி மாட்டும் மணி வடிவ உறை, பெல் பூட், வாங்கினால் எந்த அளவு? லாடம் இல்லாமலே ஓட்டலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

லாடக்காரர் மகன்:
லாடம் இல்லாமல் ஓட்டலாம்தான், ஆனால் இப்போது சுவர் உதிர்ந்த நிலையில் தார் ரோடு வேண்டாம். சவாரியை நிறுத்தி மண்ணில் விட்டு, சுவர் வளர்ந்த பிறகு யோசியுங்கள்.

பெல் பூட் முன்னங்கால் இரண்டுக்கும் போடுங்கள். பின்பக்கம் குதிகாலையும் லாடத்தின் முனையையும் மூடி, தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மேலே ஒரு விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள். சவாரிக்கும் மேய விடும்போதும் போட்டால் போதும். ராத்திரி கழற்றி உள்ளே சேறு இல்லாமல் துடைத்து வையுங்கள், இல்லையென்றால் உராய்ந்து தோல் புண்ணாகும்.