அம்மாவுக்கு ‘நிலக்கிளி’ அச்சுப் பிரதி தேவை

வணக்கம் உறவுகளே. 1973-இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் யாரிடமாவது இருக்கிறதா? தண்ணிமுறிப்பில் நடக்கும் கதை. எந்தப் பதிப்பானாலும் சரி. அம்மாவின் பிரதி 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். பின்னேரத் தேத்தண்ணி குடித்ததும் அம்மா விறாந்தைத் தூணில் சாய்ந்து, விரலால் வரி பிடித்துச் சத்தமாக வாசிப்பார். “அம்மம்மா, பிறகு?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த அரை மணி நேரத்துக்காகவே வேலையால் ஓடி வருவேன். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தும் பார்த்தேன். இரண்டு பக்கத்திலேயே அம்மாவுக்குக் கண் கூசிவிட்டது.

விலைக்குத் தந்தாலும் சரி, படியெடுக்க இரண்டு நாள் இரவல் தந்தாலும் சரி. வவுனியா, முல்லைத்தீவு என்றால் நானே வந்து வாங்குவேன். தாள் மஞ்சளாகியிருந்தாலும் பரவாயில்லை, எழுத்துத் தெரிந்தால் போதும்.