300 மரத்துக்கு 1,20,000 டாலர்: கணக்கு எப்படி வந்தது?

கயல்: சட்டம் மூன்றாம் ஆண்டு. மத்திய அமெரிக்காவின் அண்டை நாடுகளான கோஸ்டா ரிக்கா–நிகராகுவா வழக்கைப் படிக்கிறேன். சான் ஹுவான் ஆற்று முகத்துவாரத்தில் கோஸ்டா ரிக்காவின் ஈரநிலத்தில் நிகராகுவா கால்வாய் வெட்டி, கிட்டத்தட்ட 300 மரங்களைச் சாய்த்தது. சூழல் சேதத்துக்கு மட்டும் கோஸ்டா ரிக்கா கேட்டது சுமார் 28.2 லட்சம் டாலர். 2018 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் கொடுத்தது 1,20,000. இரண்டு முறை படித்தும் கணக்கு பிடிபடவில்லை.

மரக்கணக்கன்: உங்கள் மேல் தப்பில்லைம்மா, அங்கே கணக்கையே காட்டவில்லை. ஈரநிலத்தைச் சீரமைத்த செலவு 2,708.39 டாலர், காசு வரை இருக்கிறது. பக்கத்திலேயே 1,20,000, உருண்டையாக. கோஸ்டா ரிக்கா மரம், காற்று, மண், உயிரினம் என்று ஆறு தலைப்பில் விலை போட்டு 50 வருஷத்துக்கு இழுத்தது. மரத்தை ஒரு தடவைதான் வெட்ட முடியும் என்றது நிகராகுவா. அது நியாயம்தான். ஆனால் அவர்கள் சொன்ன தொகை 35,000-ஐக்கூடத் தொடவில்லை. நீதிமன்றம் இரண்டு முறையையும் முழுசாக ஏற்காமல், மொத்தமாகப் பார்த்து ஒரு தொகை சொல்லிவிட்டது.

நான் நில எடுப்பில் மரம் எண்ணியவன். நெஞ்சுயரத்தில் டேப் சுற்றி, சுற்றளவு எழுதி, மதிப்பீட்டுக்கு அனுப்புவோம். ஒரு இலுப்பையின் பொந்தில் ஆந்தைக் குஞ்சுகள் இருந்தன. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. 'குறிப்பு' என்ற இடத்தில் எழுதினேன், மேலே யாரோ அடித்துவிட்டார்கள். சந்தையில் விற்க முடியாதவற்றின் சேதத்துக்கும் இழப்பீடு உண்டு என்று இந்தத் தீர்ப்பு அந்தக் கட்டத்தைத் திறந்துவைத்தது. தொகை எழுதும்போதுதான் கை கூசிவிட்டது.

நெய்தல்: கை கூசாத இடமும் உண்டு. 1990-91-இல், ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, அங்கிருந்து வந்த அகதிகளின் கால்நடைகள் ஜோர்டானின் மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தன. அந்தப் படையெடுப்பின் சேதங்களுக்காக அமைந்த ஐநா இழப்பீட்டு ஆணையம் 2005-இல் சுமார் 16 கோடி டாலர் கொடுத்தது. போனது எவ்வளவு என்று விலை போடுவதைவிட, அதற்கு ஈடாக எவ்வளவு நிலத்தைத் தேற்றவேண்டும் என்று கணக்கிட்டார்கள். எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது.

கயல்: நன்றி. இதைத் தேடிப் படிக்கிறேன். ஐயா, அந்த இலுப்பைக்கு என்ன விலை வந்தது?

மரக்கணக்கன்: விறகு விலை. பொந்து விழுந்த மரம் பலகைக்குத் தேறாதும்மா.